பூட்டுக்காரரும் ஒரு ஐயோவும்

கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து மாலையில் இறக்கும் வரை என் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "தலைய ஆட்டாதீங்க." பெரிய பெரிய அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன். போலீஸ்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நீதிபதியின் தாடையைக் கையால் பிடித்து நிறுத்தியே சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் என்னைக் கல்யாணம் செய்துகொண்டவள்.

அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பாட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அவளுடைய தலைமை ஆசிரியை சொல்வார். எனக்கு அதெல்லாம் தெரியாது. பாட்டு முடிந்துவிட்டதா, மூச்சு வாங்குகிறார்களா என்பதே பக்கத்து ஆள் கைதட்டினால்தான் எனக்குப் புரியும். ஆனால் அவள் பாட்டுக் கேட்கிற லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் தலை இடமும் வலமுமாக ஆடும். பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்து "த்சொ, த்சொ" என்று கொட்டும். பாட்டு இன்னும் கொஞ்சம் ஏறினால் "ஐயோ" என்பாள். நிஜமாகவே ஆளை உலுக்கிவிட்டால் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "கொன்னுட்டாங்க" என்பாள். அந்தத் தொடை பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் பெயர் ரசனை. பாடுகிறவரும் இதற்காகத்தான் பாடுகிறார். எதிரே நாலு தலை ஆடாவிட்டால் அவருக்குத் தொண்டையே திறக்காது. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்று, ஒரு பருவத்துக்குப் பிள்ளைகளுக்கு நம் பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும் என்று கேட்டது. இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கூட வராவிட்டால் தான் சாப்பிடவே மறந்துவிடுவதாகக் கண்ணைக் கசக்கினாள். சுருதிப்பெட்டியைத் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம் என்று விமான நிலையத்தில் புரிந்தது. கடையை அவள் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் வித்தியாசம் தெரியாத புண்ணியவான் அவன். நான் போன மறுநாளிலிருந்து ஊரில் எத்தனை பேர் கம்பத்தில் முட்டிக்கொண்டார்களோ.

எங்களுக்குக் கொடுத்த வீடு ஒரு பூட்டுக் கடையின் மாடி. இரண்டே அறை. மரப்பலகைத் தரை என்பதால் கீழே தும்மினால் மேலே கேட்கும், மேலே பாடினால் கீழே கேட்கும். கடையின் சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. நடுவே சாவி வெட்டுகிற ஒரு மெஷின். எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாசனை எங்கள் சமையலறை வரை வரும். கடைக்காரர் உயரமான மனிதர், பெரிய மீசை, கூச்ச சுபாவம். நான் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர் வைத்தேன். அவர் மனைவி தானாகவே பூட்டுக்காரம்மா ஆகிவிட்டார். நாங்களும் அவர்களும் பேசிக்கொண்டது அரைகுறை ஆங்கிலம். எங்களிடம் அரை, அவர்களிடம் குறை. கையும் காலும் உதவிக்கு வந்தால்தான் ஒரு வாக்கியம் முடியும்.

அப்படியும் சிநேகம் எப்படிப் பிடித்தது என்றால், அந்த மெஷினால். வந்த அன்றே இவள் படியிறங்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தது. இவள் அப்படியே நின்றாள். மாடிக்கு ஓடிப் போய்ச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்து, அதைத் திருகி இதைத் திருகி, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூட்டுக்காரர் மெஷினை நிறுத்தினார், போட்டார், மறுபடி நிறுத்தினார், மறுபடி போட்டார். தன் மெஷினுக்குக் குரல் இருக்கிறது என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் சாவி வெட்டும்போதெல்லாம் மேலேயிருந்து இவள் அதே சுருதியில் பாடுவாள். பாட்டு முடியாமல் மெஷினை நிறுத்த அவருக்கு மனசு வராது. ஒரு சாவிக்கு வந்தவர்கள் மூன்று சாவியோடு திரும்பிப் போனார்கள்.

இந்தச் சிநேகத்தில் என் பங்கும் உண்டு. ஒருநாள் கடையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அலமாரியிலிருந்து ஒரு கனத்த பூட்டு நழுவி என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. "ஐயோ" என்று அலறினேன். அவர் பதறிப்போய் ஐஸ் கொண்டுவந்து வைத்தார். வலி அடங்கியதும், அது என்ன வார்த்தை என்று கேட்டார். பாடம் நடத்த எனக்கு வாய்ப்புக் கிடைப்பதே அபூர்வம். விடுவேனா? வலித்தால், ஏதாவது பறிபோனால், கெட்டது நடந்தால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நடித்தே காட்டினேன். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாவி உடைந்தால் ஐயோ, மின்சாரம் போனால் ஐயோ. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், அதை நான் சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கு ஏகப் பெருமை. இவ்வளவு பெருமைப்பட்டிருக்க வேண்டாம்.

பிறகு ஒருநாள் பூட்டுக்காரம்மா மாடிக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு ரகசியம் சொன்னார். பூட்டுக்காரருக்குக் கிளாரினெட் வாசிக்கத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். பாட்டு வாத்தியார் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய பெட்டி. டீச்சர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு இப்போதுதான் திறந்திருக்கிறார். டீச்சருடைய பள்ளி ஆண்டு விழாவில், அவர் பாடும் அன்றே தானும் வாசிக்கலாமா என்று அங்குள்ள தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டும் விட்டார். அதற்கு முன்னால் டீச்சர் ஒருமுறை கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "இந்தத் தடவையும் மூடினார்னா, அப்புறம் அதைத் திறக்கவே மாட்டார்," என்றார் பூட்டுக்காரம்மா. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்தியார் தலையை ஆட்டினார் என்று அவர் சொன்னாரே, அப்போதாவது எங்கள் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பாவம், தலையாட்டிப் பாராட்டியும் பையன் பயந்துவிட்டானே என்று இவள் வருத்தப்பட்டாள்.

அன்று மாலை கடையை அடைத்துவிட்டு, மெஷினைத் துணியால் மூடி, எங்களுக்கு இரண்டு ஸ்டூல் போட்டார் பூட்டுக்காரர். மீசையைச் சீவியிருந்தார். வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு என்ன தெரியும், கீச்சென்று ஆரம்பித்து மெதுவாகக் கீழே இறங்கியது என்று வேண்டுமானால் சொல்வேன். ஆனால் என் மனைவி மூன்றாவது மூச்சிலேயே ஆட்டம் கண்டுவிட்டாள். தலை இடம், வலம், இடம், வலம். பூட்டுக்காரரின் கண் விரிந்தது. இவள் "த்சொ, த்சொ" என்றாள். அவர் நெற்றியில் வியர்த்தது. "ஐயோ" என்றாள். அவர் அப்போதும் விடாமல் வாசித்தார். கடைசியில் ஓர் இடத்தில் அந்த ஆள் என்னதான் செய்தாரோ, என் தொடையில் இடி விழுந்தது. "ஐயோ ஐயோ, கொன்னுட்டீங்க," என்றாள் இவள்.

கிளாரினெட் நின்றது. பூட்டுக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, இவள் பக்கம் நீட்டி, மறுபடி சொல்லச் சொன்னார். இவள் அதன் காதில் வாயை வைத்து, ஆசையாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். கைபேசி ஒரு கணம் யோசித்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னது. 'நீங்கள் கொலை செய்துவிட்டீர்கள்' என்று அது சொன்னதாம். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. பூட்டுக்காரர் கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். கடையிலேயே கெட்டியான பூட்டு, யாராலும் திறக்க முடியாது என்று கண்ணாடிக் கூண்டில் விளம்பரத்துக்கு வைத்திருக்கும் பூட்டு, அதை எடுத்துப் பெட்டிக்குப் போட்டார். சாவியைப் பழைய சாவிகள் கிடக்கும் டிரம்முக்குள் வீசினார்.

களைத்துப்போய்விட்டார் பாவம் என்று சொல்லிக்கொண்டே இவள் மாடியேறினாள். வழியெல்லாம் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை வணக்கத்துக்குப் பதில் வரவில்லை. மெஷின் ஓடும்போது இவள் பாடினால், மெஷின் சட்டென்று நின்றது. மூன்று சாவி வாங்கிப் பழகியவர்கள் அரைச் சாவியோடு நின்றார்கள். மத்தியானம் பூட்டுக்காரம்மா மூக்குநுனியில் கோபத்தோடு மேலே வந்து, கைபேசியை நீட்டி, தன் தலையைத் தானே இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கூடவே கூடாது என்று. நாக்கைக் கொட்டினால் சீ என்று அர்த்தம். என் மனைவிக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். "அந்த வாத்தியார் பண்ணதையே நானும் பண்ணிட்டேங்க," என்றாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் கீழே ஓடினோம். அவசரத்தில் இவள் கைபேசியை நம்பினாள். "உங்க வாசிப்புல நான் செத்தே போயிட்டேன்," என்று அதனிடம் உருகினாள். 'நான் இறந்துவிட்டேன், காரணம் உங்கள் வாசிப்பு' என்று அது பூட்டுக்காரரிடம் சொன்னது. அவர் இரண்டடி பின்வாங்கினார். அதைப் பிடுங்கி அணைத்துவிட்டு, நான் என் ஆங்கிலத்தாலும் கை கால்களாலும் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் தலையாட்டினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், நாக்கைக் கொட்டினால் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஐயோ என்றால் அதைவிட நன்றாக இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஐயோவுக்கு அர்த்தம் சொன்னது நீங்கதானே? கெட்டது நடந்தா சொல்றதுன்னு சொன்னீங்க. இப்ப என் மனசு நோகக் கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்க."

இவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும். ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், இரண்டையும் சேர்த்துத்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வீட்டில் மூன்று வேளையும் அர்ச்சனை நடந்தது.

விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரம்மா எப்படியோ பேசி அவரை மறுபடி வாசிக்கச் சம்மதிக்க வைத்தார். ஒரு நிபந்தனை: டீச்சர் ஆடாமல் அசையாமல் கேட்க வேண்டும். அசையாத தலைக்கு என்னைவிட்டால் யார்? நான் மருந்துக்கடைக்குப் போய், கழுத்து சுளுக்கினால் போடும் கனமான பட்டை ஒன்று வாங்கிவந்து இவள் கழுத்தில் மாட்டினேன். நாக்கு கொட்டாமல் இருக்க வாய் நிறைய மிட்டாய். தொடை தப்பிக்க, நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். பூட்டுக்காரர் டிரம்மைக் கவிழ்த்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துத் தன் பூட்டைத் திறப்பதற்குள் எங்களுக்குப் பசியே எடுத்துவிட்டது.

வாசித்தார். இவள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம்தான். தலையில் ஆட வேண்டியது ஆட இடமில்லாமல் வேறு வழி தேடியது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு முழங்கால். பிறகு ஸ்டூலே தரையில் நகர்ந்து அலமாரியில் போய் முட்டியது. கண் பிதுங்கி, முகம் சிவந்து, கன்னம் இரண்டும் மிட்டாயால் உப்பி, கண்ணீர் தாரை தாரையாகப் பட்டைக்குள் இறங்கியது. பூட்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மனைவியிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

இவள் மிட்டாயைத் துப்பிவிட்டுப் பட்டையைப் பிய்த்து எறிந்தாள். "தலைய ஆட்டாம கேட்டா எனக்குக் காதுலயே விழாது. நான் என்ன பண்ணட்டும்?" என்று தமிழிலேயே அவரிடம் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. இந்த அம்மாளுக்குத் தன் வாசிப்பு உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை, மரியாதைக்காகத் தாங்கிக்கொள்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். மறுபடி அதே பூட்டு, சாவி மறுபடி டிரம்முக்குள். தான் வாசிக்கப் போவதில்லை, ஆனால் டீச்சர் பாடுவதைக் கேட்கக் கட்டாயம் வருவேன் என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர். அதனால்தான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விழா அன்று பள்ளிக்கூடத்து அரங்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், பெற்றோர்கள், முன்வரிசையில் தலைமை ஆசிரியை, அவர் பக்கத்தில் பூட்டுக்காரரும் பூட்டுக்காரம்மாவும். பூட்டுக்காரம்மா நாற்காலிக்கு அடியில் எதையோ மேல்கோட்டால் மூடி வைத்திருந்தார். நான் மேடை ஓரத்தில் சுருதிப்பெட்டியோடு உட்கார்ந்தேன். இவள் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வழக்கம்போல ஆடுகிற தலைகளைப் பார்க்கலாம் என்று கண்ணைத் திறந்தாள்.

ஒரு தலை ஆடவில்லை. ஒரு நாக்கு கொட்டவில்லை. அத்தனை பேரும் மடியில் கையை வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் மாதிரி மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அதுதான் மரியாதை என்று எனக்கு இப்போது தெரியும். அவளுக்கும் அது தெரிந்திருக்கலாம். ஆனால் தெரிந்து என்ன பயன்? தொண்டைக்குத் தெரியவில்லையே. கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி அவள் குரல் சுருங்கிக்கொண்டே போனது. எனக்குப் பாட்டுத் தெரியாது, ஆனால் அவள் கழுத்து தெரியும். அது இறுகிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பதறிப்போய்த் தலையை ஆட்டினேன். வாழ்நாளில் ஆட்டியிராத தலை, எந்தப் பக்கம் எப்போது ஆட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? என் ஆட்டத்தைப் பார்த்து இவளுக்குத் தாளமும் போயிற்று. ஒரு வரியில் தடுமாறினாள். அடுத்த வரியைப் பாதியில் விட்டாள். இவ்வளவு தூரம் வந்து இத்தனை பேருக்கு முன்னால் பாட்டு நிற்கப்போகிறது.

பூட்டுக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம். பள்ளிக்கூடத்து மேடையில் நின்று வாசித்த பையனுடைய முகம். மெல்லத் திரும்பி, கல்லாய்ச் சமைந்திருந்த அரங்கத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய தலை இடது பக்கம் போயிற்று. வலது பக்கம் வந்தது. கீல் துருப்பிடித்த கதவு மாதிரி ஆடியது, ஆனாலும் ஆடியது. "த்சொ," என்றார். மீசைக்குள்ளிருந்து வந்ததால் கோழியைக் கூப்பிடுவதுபோல இருந்தது. பக்கத்திலிருந்த தலைமை ஆசிரியை அதிர்ந்துபோய்த் திரும்பினார். பூட்டுக்காரர் கவலைப்படவில்லை. அத்தனை பேரும் கேட்கும்படி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார்.

"ஐயோ."

என் மனைவிக்குப் பாட்டுக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அப்படியே பாட்டுக்குள் போய்க் குரலைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று. "ஐயோ," என்றார் பூட்டுக்காரர் மறுபடி. இவள் இன்னும் மேலே போனாள். தலைமை ஆசிரியை அவர் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். அவர் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "கொன்னுத்தீங்க," என்று, இவளிடம் கேட்டதைத் தன் நாக்குக்கு வந்தபடி முழங்கினார். பாட்டு முடிந்தது என்று எனக்கு அன்றைக்கு யாரும் கைதட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரிந்தது.

கைதட்டல் அடங்கியதும் இவள் மேடையிலிருந்து பூட்டுக்காரரைப் பார்த்து, வாயால் கிளாரினெட் மாதிரி ஊதிக் காட்டினாள். பூட்டுக்காரம்மா இதற்காகவே காத்திருந்தவர்போல நாற்காலிக்கு அடியிலிருந்து மேல்கோட்டை விலக்கிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்தார். பூட்டு அப்படியே இருந்தது. சாவி டிரம்முக்குள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மனைவியின் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, யாராலும் திறக்க முடியாத அந்தப் பூட்டைக் கண் இமைக்கிற நேரத்தில் திறந்தார். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. அந்தப் பூட்டைத்தான் பாதிப் பேர் வீட்டுக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள்.

அதைப் பற்றியெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. மேடையேறி வாசித்தார். இவள் பட்டையும் இல்லாமல் மிட்டாயும் இல்லாமல் ஆசை தீரத் தலையாட்டினாள். என் தொடை இரண்டு நாள் வீங்கியிருந்தது. மறுவாரம் பூட்டுக் கடையில் ஒரே கூட்டம், அத்தனையும் பூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள். அவர்களுக்கும் வாசித்துக் காட்டித்தான் அனுப்பினார்.

நாங்கள் கிளம்பும் நாள் வந்தது. பூட்டுக்காரம்மா இவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பூட்டுக்காரர் பெட்டிகளைக் காரில் ஏற்றினார், சுருதிப்பெட்டியைத் தானே தூக்கிவந்து என் மடியில் வைத்தார். கார்க்கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தார். அவர் கைபேசியை எடுப்பார், அது எதையாவது சொல்லித் தொலைக்கும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"ஐயோ," என்றார், மெதுவாக.

இந்தத் தடவை அது நான் சொல்லிக்கொடுத்த ஐயோ. வலித்தால், ஏதாவது பறிபோனால் சொல்லச் சொன்னேனே, அது. என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நகர்ந்து, தெரு திரும்பி, கடை மறைகிற வரைக்கும் அவள் தலை கொஞ்சம்கூட ஆடவில்லை.